கோவிந்தராசு என்றொரு நம்பிக்கை

சிங்கப்பூரில் ஒரு பொருளைத் தூக்கி எறிவதைப்போல் சுலபமான காரியம் வேறில்லை. அடுக்குமாடி வீட்டில் அதற்கென்றே ஒரு துவாரம் இருக்கிறது. மூடியைத் திறந்து உள்ளே விட்டால் பன்னிரண்டு மாடியும் தடதடவென்று இறங்கிப் போய்விடும், எறிந்தவர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சாமி படத்தை மட்டும் அதில் போட முடியாது. கண்ணாடி உடைந்த முருகனையும் தும்பிக்கை போன பிள்ளையாரையும் போன வருஷத்து நாட்காட்டி லட்சுமியையும் மீன் செதிலோடு சேர்த்து அனுப்ப எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு மனம் வரும்? கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தால், ஏற்கெனவே வந்து குவிந்ததை வைக்கவே இடமில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். கடலில் விடலாம் என்றால் அபராதம். மரத்தடியில் வைத்துவிட்டு நடந்தால், மறுநாள் யாராவது படம் பிடித்து இணையத்தில் போட்டு ஒழுக்கம் போதிப்பார்கள்.

ஆகவே எல்லாரும் கோவிந்தராசுவிடம் கொடுத்தார்கள்.

கோவிந்தராசுவுக்கு வயது அறுபத்தைந்து. மனைவி ரஞ்சிதத்தோடு பிடோக்கில் மூவறை வீட்டில் குடியிருப்பவர். தீவின் கிழக்குக் கோடியில் படுத்து எழுந்து, மேற்குக் கோடியில் பிழைத்தவர். லிம் சூ காங் பக்கம், இடுகாடுகளையும் மீன் பண்ணைகளையும் தாண்டி, குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் வைத்திருந்தார். இருபத்தேழு வருஷமாக அதில் கறிவேப்பிலைதான். விடியற்காலையில் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி, வேனில் ஏற்றி லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் ஒன்பது மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிடும்.

அங்கே பஃப்ளோ ரோட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் சரசுதான் இதை ஆரம்பித்துவைத்தாள். ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், துண்டில் சுற்றிய படம் ஒன்றை வேனுக்குள் வைத்தாள்.

"அண்ணே, வீட்ட கழுவி வுட்டோம். படம் பூச்சி அரிச்சுப்போச்சு. எங்களுக்கெல்லாம் வீடு இருக்கு, மண்ணு எங்க இருக்கு? உங்ககிட்டதானே மண்ணு இருக்கு. ஒரு ஓரமா வச்சு மூடிடுங்களேன்."

மண் வைத்திருப்பவன் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? சங்குல் என்கிற மண்வெட்டியை எடுத்து இடுப்பளவு குழி வெட்டி, படத்தை வைத்து, "மன்னிச்சுக்குங்க சாமி" என்று சொல்லி மூடினார். அடுத்த வருஷம் சரசுவின் அக்கா கொடுத்தாள். அதற்கடுத்த வருஷம் பக்கத்துத் தேக்கா சந்தை முழுவதும் கொடுத்தது. கறிவேப்பிலை இறக்கும் கையோடு சாமியை ஏற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

இப்படி இருக்கையில் ஒரு ஜனவரி மாதம் கடிதம் வந்தது. நிலத்தை ஜூன் முப்பதாம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும். அங்கே என்ன வரப்போகிறது என்று கடிதத்தில் இல்லை. மேம்பாடு வரப்போகிறது என்று மட்டும் இருந்தது.

கோவிந்தராசு சண்டை போடுகிற ஆள் இல்லை. குத்தகை நிலம், கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தோட்டத்தில் இருந்த எண்பது செடிகளில் ஆறு தாய்ச்செடிகள். மற்றதெல்லாம் அந்த ஆறின் வேரிலிருந்து கிளம்பிய பிள்ளைகள். அந்த இலையைக் கசக்கினால் வாசனை மறுநாள் வரை விரலை விட்டுப் போகாது. கறிவேப்பிலையைக் கிளை வெட்டி நட்டால் பிடிப்பது அபூர்வம். விதை போட்டால் பறிக்கிற பருவம் வர நாலைந்து வருஷம் ஆகும்; அறுபத்தைந்து வயதுக்காரனுக்கு நாலைந்து வருஷம் சின்னக் கணக்கில்லை. ஆறையும் வேரோடு, மண்ணோடு பெயர்த்து எடுத்துப்போய் வைத்தால் அவர் பிழைப்பு பிழைக்கும்.

வைக்க இடமும் கிடைத்தது. இரண்டு மைல் தள்ளி ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் யாக்கூப், "பின்னால மூலை சும்மா கெடக்கு ராசு. வச்சுக்க. ஆட்டுப் புழுக்கை ஃப்ரீ லா" என்று சிங்கப்பூர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டுச் சொல்லிவிட்டார். ஒரு சங்குல், யாக்கூபின் லாரி, இரண்டு நாள். அவ்வளவுதான் வேலை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பிப்ரவரியில் இரண்டாவது கடிதம் வந்தது. அனுப்பியது மேம்பாட்டுக்கு முந்திய தொல்பொருள் ஆய்வு வாரியம். எந்த நிலத்தையும் கட்டடத்துக்குக் கொடுப்பதற்கு முன் அதன் அடியில் வரலாறு இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று சான்றிதழ் கொடுப்பது அவர்கள் வேலை. சான்றிதழ் வரும்வரை யாரும் மண்ணில் கைவைக்கக் கூடாது. ஒன்பது வருஷத்தில் பதினோரு இடங்களைத் தோண்டி, சோடா போத்தல்களும் ஒரு சைக்கிளும் மூன்று கழிவறைப் பீங்கான்களும் கண்டெடுத்திருந்தார்கள். இந்த வருஷம் ஒரு கண்டுபிடிப்பாவது இருந்தாக வேண்டும் என்று அவர்களுக்கு மேலிடத்து உத்தரவு. பாவம், கோவிந்தராசுவுக்கு இது தெரியாது.

களத்துக்கு வந்த அதிகாரி சுஷ்மிதா. இருபத்தெட்டு வயது, லண்டனில் படித்தவள், நல்ல பெண். நல்ல பெண் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லச் சந்தர்ப்பம் வராது. நிலம் முழுக்கக் கயிறு கட்டிக் கட்டம் பிரித்தாள். முதல் கட்டத்தில் முதல் வெட்டு போட்டதும் பிள்ளையார் வந்தார். இரண்டாம் கட்டத்தில் ஏழு முருகன். மூன்றாம் கட்டத்தில் சரசுவின் படம், துண்டோடு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான், ஆனால் வாரியத்துக்குப் பூதம் வந்ததில் பரம சந்தோஷம்.

"அது நான் பொதைச்சதும்மா," என்றார் கோவிந்தராசு, கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு.

"அங்கிள், ப்ளீஸ், அங்கேயே நில்லுங்க. ஐ நோ நீங்க எக்ஸைட்டடா இருக்கீங்க."

"எக்ஸைட்டு எல்லாம் இல்ல. எல்லாம் கடைக்காரங்க குடுத்தது. நான்தான் கொண்டாந்து பொதைச்சேன். இருபத்தேழு வருஷமா."

சுஷ்மிதா தலையசைத்தாள். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். அதன் தலைப்பு, 'உள்ளூர்த் தகவலாளர் நேர்காணல்'. மடக்கு நாற்காலியில் அவரை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தாள்.

"இந்த ரிச்சுவல எத்தன தலைமுறையா செய்றீங்க?"

"ரிச்சுவல் இல்லம்மா. வேல."

எழுதிக்கொண்டாள். "பொதைக்கும்போது என்ன சொல்வீங்க?"

"மன்னிச்சுக்குங்க சாமின்னு சொல்லுவேன்."

'மன்னிப்பு மந்திரம்' என்று எழுதினாள். "எந்தத் திசைய பாத்து?"

"வெயிலு மூஞ்சில அடிக்காத பக்கமா பாத்து."

'சூரியனைத் தவிர்க்கும் திசை' என்று எழுதினாள். "சூப்பர்மார்க்கெட் பையில போட்டு, பையோட காதுல ரெண்டு முடிச்சு போட்டிருக்கு. எல்லாப் பையிலயும் ரெண்டு. வொய் ரெண்டு?"

"ஒண்ணு போட்டா அவுந்துடும்."

சுஷ்மிதா சற்று யோசித்தாள். 'இரட்டை முடிச்சு. உடல், உயிர்? மேலும் ஆராய வேண்டும்' என்று எழுதினாள். கோவிந்தராசு தலைகீழாகவே அதைப் படித்தார்.

"ஏம்மா, பொதைச்சதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. எனக்கு அந்த ஆறு செடி போதும். தோண்டி எடுத்துட்டுப் போயிடுறேன்."

"செடி எடுத்தா வேர்ல இருக்கிற மண்ணும் போகும் அங்கிள். அந்த மண்ணு டேட்டா."

மறுநாள் ஆறு தாய்ச்செடிகளின் கழுத்திலும் சிவப்பு அட்டை தொங்கியது. கீழே விழுந்த கறிவேப்பிலைப் பழத்தைக்கூடப் பொறுக்கக் கூடாது என்றார்கள்; அது மேற்பரப்புக் கண்டெடுப்பாம். இலையைப் பறிக்கலாமா என்று கேட்டதற்கு, பறிக்கலாம், மண்ணை மிதிக்காமல் பறிக்க வேண்டும் என்று பதில் வந்தது. பறக்கத் தெரியாததால் கோவிந்தராசு அன்றோடு வியாபாரத்தை நிறுத்தினார்.

ஒரு வாரம் கழித்துத் துணை இயக்குநர் ரமணன் வந்தார். வாரியத்தில் தமிழ் தெரிந்த பெரிய அதிகாரி அவர்தான். வீட்டில் எந்த மொழி பேசுவாரோ தெரியாது, பொதுமக்களிடம் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டித் தமிழில்தான் பேசுவார். புத்தம்புது காலணியில் சேறு படாமல் நின்றுகொண்டு கோவிந்தராசுவின் இரு கைகளையும் பிடித்தார்.

"ஐயா, தங்கள் வாய்மொழி வழக்காற்றை வாரியம் முழுமையாக மதிக்கிறது."

"வாய்மொழி எல்லாம் இல்ல சார். நான் நெசத்த சொல்றேன். பொதைச்சது நான்தான்."

"அப்படி ஒரு நம்பிக்கை தங்களிடம் நிலவுகிறது என்பதைப் பதிவு செய்துவிட்டோம்."

"நம்பிக்கை இல்ல சார். அதுல பாருங்க, நாட்காட்டி இருக்கு. ரெண்டாயிரத்து ஒம்பதுன்னு போட்டிருக்கு. கடைப் பேரே இருக்கு."

"அந்தப் படம் இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பின் புதைக்கப்பட்டது என்று அது காட்டுகிறது. யார் புதைத்தார் என்று காட்டவில்லையே?"

"சரி சார், ரெண்டாயிரத்து ஒம்பது எப்படி சார் பழங்காலமாகும்?"

ரமணன் மிகவும் கனிவாகச் சிரித்தார். "சட்டத்தில் 'மனிதரால் மண்ணுக்கடியில் வைக்கப்பட்டது' என்றுதான் இருக்கிறது ஐயா. எப்போது என்று இல்லை. நிகழ்காலம் பழங்காலமாகக் கனியும்வரை காத்திருக்க எங்களிடம் ஆட்கள் இல்லை. மேலும் ஒன்றைத் தாங்கள் உணர வேண்டும். புதைத்தவரே வந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ஆய்வின் நடுநிலை என்னாவது? இறந்தவர்கள் எங்களிடம் குறுக்கே பேசியதே இல்லை. அந்த வசதியில்தான் இந்தத் துறை வளர்ந்திருக்கிறது."

கோவிந்தராசுவுக்கு உயிரோடிருப்பதற்காக ஒரு அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று ஒரு கணம் தோன்றியது.

மார்ச் போய் ஏப்ரல் வந்தது. நில அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். வாரியத்தின் சான்றிதழ் வந்துவிட்டால் தள்ளிவைக்கத் தேவையிருக்காது, வராவிட்டால் தள்ளிவைக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று ஒரு பெண் குரல் இனிமையாக விளக்கியது.

கடைசியில் சாட்சியையே கூட்டிப்போய் நிறுத்துவது என்று முடிவு செய்தார். சரசு கடையை மருமகளிடம் விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, வாரியத்தின் அலுவலகத்துக்கு வந்தாள். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அவள் வீட்டுப் படத்தை வைத்திருந்தார்கள். பார்த்ததும் சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுப் படம்தாங்க. பின்னால பாருங்க, எம்மவன் சின்னப் புள்ளையில பென்சிலால கிறுக்கியிருப்பான். பஸ்ஸு வரைஞ்சிருப்பான்."

திருப்பிப் பார்த்தார்கள். பஸ் இருந்தது.

"இத நான் இந்த அண்ணன்கிட்டதான் குடுத்தேன். இவருதான் பொதைச்சாரு."

சுஷ்மிதாவும் ரமணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தராசுவுக்கு முதல்முறையாக நெஞ்சு நிமிர்ந்தது. ரமணன் எழுந்து நின்றே பேசினார்.

"அம்மா, தாங்கள் வந்தது பேருதவி. ஒருவர் சொன்னால் அது தனிமனிதர் கூற்று. வெவ்வேறு இடங்களில் வசிக்கும் இருவர் ஒரே கதையை, ஒரே பெயரோடு சொன்னால் அது மரபு. கோவிந்தராசு மரபு லிட்டில் இந்தியா வரை பரவியிருப்பது இன்று உறுதியாகிவிட்டது."

படிக்கட்டில் இறங்கும்போது சரசு கேட்டாள். "அண்ணே, நம்பிட்டாங்களா?"

"நம்புறாங்க சரசு," என்றார் கோவிந்தராசு. "அதான் பிரச்சன."

மே மாதம் வாரியமே ஒரு வழி சொன்னது. அதற்குப் பரிசோதனைத் தொல்லியல் என்று பெயர். கோவிந்தராசு தான் புதைத்ததாகச் சொல்லும் முறையில் ஒரு சாமியைப் புதைத்துக் காட்ட வேண்டும். குழியை அளந்து, பழைய குழிகளோடு ஒப்பிட்டு, பொருந்தினால் அவர் சொல்வதை ஏற்பார்கள். ஏற்றால், புதைத்தவர் யாரென்று தெரிந்துவிட்டபடியால் அது தொல்பொருளே அல்ல என்றாகிவிடும், மறுநாளே சான்றிதழ். கோவிந்தராசு அன்று ஒரு தட்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

குறித்த நாளில் அவருக்குத் தலைக்கவசம், கணுக்கால் வரை வரும் காலணி, ஆரஞ்சு நிற மேலங்கி எல்லாம் மாட்டினார்கள். மேலே ஒரு டிரோன் வண்டுபோல் சுற்றியது. சிராங்கூன் ரோட்டில் வாங்கிய புதுப் பிளாஸ்டிக் பிள்ளையார் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தோட்டத்துக்குள் தோண்டக் கூடாது என்பதால், வெளியே சாலையோரத்தில் கல்லும் ஜல்லியுமாகக் கிடந்த இடத்தைக் காட்டினார்கள். வெட்டினார். இருபதாவது வெட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது. முழங்கால் ஆழத்தில் நிறுத்தி, பிள்ளையாரை வைத்து, "மன்னிச்சுக்குங்க சாமி" என்றார். அந்த வார்த்தையை அவர் அத்தனை மனப்பூர்வமாக அதற்கு முன் சொன்னதில்லை.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. உண்மையான புதைப்பாளர் சராசரியாக ஒரு மீட்டர் ஆழம் தோண்டியிருக்கிறார். தகவலாளர் ஐம்பது சென்டிமீட்டரில் நின்றுவிட்டார். உண்மையான புதைப்பாளரின் வெட்டு செங்குத்தானது, திடமானது. தகவலாளரின் வெட்டு தயக்கமானது. ஆகவே இருவரும் ஒருவரல்லர். நிச்சயத்தன்மை: தொண்ணூற்று நாலு விழுக்காடு.

"அப்ப எனக்கு முப்பத்தெட்டு வயசு சார்!" என்று தொலைபேசியில் கத்தினார் கோவிந்தராசு. "மண்ணும் அங்க மெத்துன்னு இருக்கும் சார்!"

"தங்களுக்கு முப்பத்தெட்டு வயது இருந்ததை வாரியம் மறுக்கவில்லை," என்றார் ரமணன்.

யாக்கூப் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "ராசு, தொண்ணூத்தி நாலு போனா மீதி ஆறு பெர்சன்ட் நீதானே லா. செடியும் ஆறுதான். அதையாச்சும் குடுக்கச் சொல்லு" என்றார். சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை. பின்மூலையில் ஆறு குழிகளை அவர் எப்போதோ வெட்டித் தயாராக வைத்திருந்தார். அதில் மழைத்தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரஞ்சிதம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவரை நன்றாகப் பார்த்தாள்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. நெசமாவே நீங்கதானே பொதைச்சீங்க?"

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் கேட்கிறாள். கோவிந்தராசு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்தார். காய்ப்பு இருந்தது. காய்ப்பு யாருக்குத்தான் இருக்காது என்று ரமணன் கேட்பார் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

ஜூன் இரண்டாம் வாரம் தோட்டத்து வாசலில் பந்தல் போட்டு, பெரிய விசிறிகள் வைத்து, கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார்கள். கோவிந்தராசுவுக்குச் 'சமூகப் பிரதிநிதி' என்று அட்டை மாட்டி இரண்டாம் வரிசையில் உட்காரவைத்தார்கள். ரமணன் மேடை ஏறினார்.

"பெரியோர்களே! ஒன்பது ஆண்டுகள் நாங்கள் தோண்டினோம். போத்தல்கள் வந்தன, மனந்தளரவில்லை. கழிவறைப் பீங்கான்கள் வந்தன, மனந்தளரவில்லை. இன்று கடவுளே வந்திருக்கிறார், ஒருவரல்லர், ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிருவர்! இவர்களை இங்கே வைத்தது யார் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எல்லா முயற்சிகளும் எடுத்தோம். தெரியவில்லை என்பதை அறிவியல்பூர்வமாக நிறுவிவிட்டோம். இது இத்துடன் முடியாது. மேலும் பல ஆண்டுகள் தெரியாமல் வைத்திருக்கும் திறன் வாரியத்துக்கு உண்டு என்று உறுதி கூறுகிறேன்!"

கைதட்டல் அடங்கியதும் திரையை விலக்கித் தகவல் பலகையைத் திறந்தார்கள். நான்கு மொழியில் இருந்தது. கோவிந்தராசு எழுந்துபோய்த் தமிழ்ப் பகுதியை வாசித்தார். 'இவ்விடத்தில் தெய்வங்களைப் புதைத்தவர் கோவிந்தராசு என்னும் ஒருவர் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. அவர் செடிகளைக் காத்ததாகவும், விடியற்காலையில் இலையோடு ஊருக்குள் வந்து மறைந்ததாகவும் கூறுவர். இவர் உண்மையில் வாழ்ந்தவரா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.'

அதை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தபோது, நல்ல பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்மணி கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க. பேரு மறைக்குது" என்றார். கோவிந்தராசு தள்ளி நின்றார்.

அடுத்து நடந்தது கோவிந்தராசுவுக்கு இன்றுவரை புரியவில்லை. நமக்குப் புரியும். அரையாண்டு முடிகிற சமயம், மேலிடத்து உத்தரவு மாறிவிட்டது. இனி எத்தனை கண்டுபிடித்தார்கள் என்பது கணக்கில்லை, எத்தனை கோப்புகளை மூடினார்கள் என்பதுதான் கணக்கு. பலகை வைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதே ரமணன் அதே கோப்பில், 'இவ்விடத்துக்குத் தொல்பொருள் முக்கியத்துவம் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பலகையைக் கழற்றிக்கொண்டுபோக ஒரு லாரி வந்தது. தோண்டியெடுத்த சாமிகள் எல்லாரும் பெட்டிகளில் ஏறினார்கள்.

சான்றிதழ் வெள்ளிக்கிழமை, ஜூன் இருபத்தெட்டு, மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு மின்னஞ்சலில் வந்தது. அடுத்த வேலை நாளிலிருந்து மண்ணைத் தோண்டலாம். அடுத்த வேலை நாள் திங்கள், ஜூலை ஒன்று. நிலத்தை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் ஞாயிறு, ஜூன் முப்பது.

ஞாயிற்றுக்கிழமை யாக்கூபின் லாரியில் இருவரும் போனார்கள். வாசலில் புதுப் பூட்டு. காவலாளி சான்றிதழை வாங்கிக் கவனமாகப் படித்துப் பார்த்து, "மண்டே லா அங்கிள்" என்றார். வேலிக் கம்பி வழியாகப் பார்த்தால் ஆறு செடியும் தெரிந்தன. நாலு மாதமாகப் பறிக்காமல் விட்டதில் தளதளவென்று வளர்ந்து, சிவப்பு அட்டையையே மறைத்துக்கொண்டு நின்றன. யாக்கூப் வேலியின் உயரத்தை ஒரு தடவை கண்ணால் அளந்தார். கோவிந்தராசு வேண்டாம் என்று தலையசைத்தார். வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்காத மனிதர் அவர்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சான்றிதழோடு வந்து நின்றார். ஏழே முக்காலுக்கே இயந்திரம் உள்ளே இறங்கிவிட்டிருந்தது. மேற்பார்வையாளர் சான்றிதழைப் பார்த்து, தோண்ட அனுமதி சரிதான், ஆனால் நிலம் நேற்றோடு உங்களுடையது இல்லையே என்றார். நியாயமான பேச்சு. இயந்திரம் வரிசை வரிசையாகச் செடிகளை நசுக்கிக்கொண்டு போனது. எண்பது செடி கறிவேப்பிலையும் ஒரே நேரத்தில் கசங்கிய வாசனை சாலை வரை வந்து மூக்கில் ஏறியது. இருபத்தேழு வருஷத்தில் அப்படி ஒரு வாசனையை அவர் முகர்ந்ததில்லை. கோவிந்தராசு சாலையோரத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். யாக்கூப் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புதன்கிழமை மத்தியானம் பிடோக் வீட்டில் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் சுஷ்மிதா. அவளுக்குப் பின்னால் மின்தூக்கி வரை நடைபாதை முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்தது. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார்.

"தொண்ணூத்தி ஆறு பாக்ஸ் அங்கிள். முக்கியத்துவம் இல்லாத பொருள பொதைச்சவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடணும். அதான் பாலிசி."

"பொதைச்சது நான் இல்லைன்னு நிரூபிச்சீங்களேம்மா."

"அது ரிசர்ச் பிரிவு அங்கிள். இது ரிட்டர்ன்ஸ் பிரிவு."

உள்ளேயிருந்து ரஞ்சிதம் வந்து எட்டிப் பார்த்தாள். பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மனதில் ஓடியது அவருக்குத் தெரிந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு சாமி மூவறை வீட்டுக்குள் வந்தால், எத்தனை விளக்கு ஏற்றுவது? புதைக்கலாம் என்றால் மண் எங்கே?

கோவிந்தராசு மெதுவாகக் கேட்டார். "செடி ஏதாச்சும் மிச்சம் இருக்காம்மா? ஒரே ஒரு வேராச்சும்?"

சுஷ்மிதாவின் முகம் மலர்ந்தது. நல்ல செய்தி சொல்ல அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது.

"யெஸ் அங்கிள்! ஆறு செடியிலயும் ஏப்ரல்லயே ரூட் சேம்பிள் எடுத்துட்டோம். ஸ்டோர்ல பத்திரமா இருக்கு. மைனஸ் இருபது டிகிரி."

"அம்மாடி, அவ்வளவு குளிர்ல வச்சா வேரு செத்துடுமே."

"ஆமா அங்கிள்," என்றாள். "ஆனா கெடாது."

பிறகு கைக்கணினியை நீட்டினாள். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் முழுப் பெயர் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். கோவிந்தராசு விரலால் எழுதினார். அடையாள அட்டை கேட்டாள். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். அவள் அட்டையிலுள்ள படத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். தப்பு நடந்துவிடக் கூடாது என்று அட்டை எண்ணையும் இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தாள்.

"கரெக்ட் அங்கிள்," என்றாள் கடைசியில். "நீங்கதான்."